வயித்துக்குள்ள ஒரு வளையம்: கேஸ்ட்ரிக் பேண்ட் போட்டுக்கலாமா?

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடு முழுக்க ஒரே ஒரு மெயிலுக்கான பதில். அனுப்பினவங்க பாளையங்கோட்டைக்காரங்க. வயசு 27. பெங்களூரு கம்பெனி ஒண்ணுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாங்க. பெயர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 104 கிலோ. பிசிஓடி இருக்கு, போன வருஷத்திலிருந்து சர்க்கரையும் இருக்கு. மூணு தடவை டயட், ரெண்டு தடவை ஜிம், வ.உ.சி. மைதானத்துல கணக்கில்லாத சுத்து. குறைஞ்ச எடை எல்லாம் வட்டியோட திரும்பி வந்திருக்கு.

அவங்க கேள்வியை அப்படியே வாசிக்கிறேன்: "லண்டன்ல இருக்க எங்க பெரியம்மா பொண்ணு 2009-ல கேஸ்ட்ரிக் பேண்ட் போட்டா. வெட்டுக்குத்து இல்ல, வேண்டாம்னா கழட்டிரலாம், நீயும் போட்டுக்கோன்னு சொல்லுதா. அம்மா, வயித்தைக் கிழிக்கவா உன்னைப் பெத்தேன்னு அழுதாங்க. தை மாசம் பொண்ணு பார்க்க வாராங்க. நான் என்ன செய்யட்டும்?"

நான் டாக்டர் இல்லை. ஆனா எங்க குடும்பத்தில் ஒருத்தருக்கு இந்த பேண்ட் இருந்தது. அதை வெளியே எடுக்கிற வரைக்கும் கூட அலைஞ்சவன் நான். அப்போ படிச்சது, டாக்டர்கள்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது எல்லாத்தையும் வைத்துத்தான் இதைப் பேசறேன். முடிவு நீங்களும் உங்க டாக்டரும் எடுக்க வேண்டியது.

லண்டன் அக்கா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. 2009-ல் அவங்களுக்கு டாக்டர் சொன்னதும் அதுவாகத்தான் இருக்கும். ஆனா அதுக்குப் பிறகு அந்த வளையத்துக்கு என்ன ஆச்சுங்கிறதுதான் இன்னைக்கு நாம பேச வேண்டிய கதை.

வளையம் என்ன செய்யுது?

இரைப்பையை ஒரு துணிப்பை மாதிரி நினைச்சுக்கோங்க. உணவுக்குழாய் வந்து சேரும் வாய்க்குக் கொஞ்சம் கீழே, சிலிகோனால் ஆன ஒரு பட்டையைச் சுற்றிப் பூட்டுவாங்க. உடனே இரைப்பை மணல் கடிகாரம் மாதிரி ரெண்டாகப் பிரியும். மேலே 15 முதல் 30 மில்லி வரை பிடிக்கிற ஒரு குட்டிப் பை, கீழே மீதி இரைப்பை முழுவதும். இருமல் மருந்து பாட்டிலோட வர்ற அளவு மூடி இருக்கே, அதில் ரெண்டு மூணு மூடி. அவ்வளவுதான் அந்த மேற்பை.

பட்டையின் உள்பக்கம் ஒரு பலூன் மாதிரி இருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கிளம்பி, வயிற்றுத் தோலுக்கு அடியில் புதைச்சு வைத்திருக்கிற சின்னப் பொத்தானுக்கு வரும். அந்தப் பொத்தானுக்குப் பேரு போர்ட். டாக்டர் தோலுக்கு மேலே இருந்தே ஊசி குத்தி, போர்ட் வழியாக உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும். உறிஞ்சி எடுத்தால் தளரும். சைக்கிள் டியூபுக்குக் காற்று அடிக்கிற கதைதான், காற்றுக்குப் பதில் தண்ணீர்.

இரைப்பையில் எந்தப் பகுதியையும் வெட்டி எடுக்கிறது இல்லை. குடலைத் திருப்பி விடுறதும் இல்லை. லேப்ராஸ்கோப்பியில் நாலைஞ்சு சின்னத் துளைகள், ஒண்ணு ரெண்டு நாளில் வீடு. சாப்பாட்டில் இருக்கிற சத்து உடம்பில் சேர்றதுக்குத் தடையும் இல்லை. கொஞ்சம் சாப்பிட்டதுமே மேற்பை நிறையும், அது நரம்பு வழியாக மூளைக்கு "போதும்"னு சொல்லும், சாப்பாடு மெதுவாகக் கீழே இறங்கும். கேட்கவே நல்லா இருக்கு, இல்லையா? அம்மா அழுற அளவுக்கு இதில் கிழிக்கிறது எதுவும் இல்லை.

இறுக்கித் தளர்த்தக்கூடிய சிலிகோன் பட்டையை லூபோமிர் குஸ்மாக் என்ற அமெரிக்க அறுவை நிபுணர் 1986-ல் போட்டார். அப்போது வயிற்றைத் திறந்துதான் செய்யணும். அதை லேப்ராஸ்கோப்பிக்குக் கொண்டு வந்தவர் மிடிகு பெலாச்சு. எத்தியோப்பியாவில் ஆடு மேய்த்து வளர்ந்து, பெல்ஜியத்தில் சர்ஜன் ஆனவர். 1993-ல் பெல்ஜியத்தின் ஹுய் என்கிற ஊரில் அதைச் செய்தார். (அவர் வாழ்க்கைக்கே தனி எபிசோடு போடலாம்.) 2001-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ 'லேப் பேண்ட்' கருவிக்கு அனுமதி கொடுத்தது. 2011-ல் எடை வரம்பைத் தளர்த்தி, இன்னும் குறைந்த எடை உள்ளவங்களும் போட்டுக்கலாம்னு சொன்னது. 2013-ல் நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி சத்தமில்லாம பேண்ட் போட்டுக்கிட்டு, சில மாதம் கழித்து அதை வெளியே சொன்னபோது உலகம் முழுக்கச் செய்தி.

வேடிக்கை என்னன்னா, அவர் போட்டுக்கிட்ட சமயத்தில் பேண்டோட காலம் ஏற்கனவே முடிய ஆரம்பிச்சிருந்தது. அமெரிக்க எடைக்குறைப்பு அறுவை நிபுணர்கள் சங்கத்தின் கணக்குப்படி, 2011-ல் அங்கே நடந்த இந்த வகை அறுவை சிகிச்சைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேண்ட். 2018 வாக்கில் அது நூற்றுக்கு ஒன்று. ஏழு வருஷத்தில் ஒரு சிகிச்சை கிட்டத்தட்டக் காணாமலே போச்சு.

யாரும் அதைத் தடை பண்ணலை. இன்னைக்கும் அது அனுமதி பெற்ற கருவிதான். டாக்டர்கள்தான் மெல்லக் கைவிட்டாங்க.

பத்து வருஷம் கழிச்சு எண்ணிப் பார்த்தப்போ

போட்ட அன்னைக்கு இதைவிடப் பாதுகாப்பான எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை கிடையாது. 2009-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் பேண்ட் போட்ட 1,198 பேரில் முதல் 30 நாளில் ஒருத்தர்கூட இறக்கவில்லை. அதனால முதல் வருஷத்தை மட்டும் பார்க்கிறவங்க எல்லாருக்கும் பேண்ட் நல்ல பிள்ளையாகத்தான் தெரிஞ்சது.

பெல்ஜியத்தில், பேண்ட் பிறந்த நாட்டிலேயே, ஜாக் ஹிம்பன்ஸ் குழுவினர் 1994-97-ல் பேண்ட் போட்டவங்களை 12 வருஷத்துக்குப் பிறகு தேடிப் போய்ப் பார்த்தாங்க. ஆய்வு 2011-ல் வெளிவந்தது. கண்டுபிடிக்க முடிஞ்சவங்களில் பத்தில் நாலு பேருக்குப் பெரிய சிக்கல் வந்திருந்தது. பத்தில் ஆறு பேருக்கு மறுபடியும் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அந்த பேண்டே உடம்பில் இல்லை. கழட்டியாச்சு.

என்ன சிக்கல்? வளையம் இடம் நழுவி, இரைப்பை அதன் வழியாக மேலே பிதுங்கிக்கலாம். மேற்பை நாளாக நாளாகப் பெருக்கலாம். உணவுக்குழாய் தளர்ந்து விரியலாம். போர்ட் திரும்பிக்கலாம், குழாய் கசியலாம். எனக்குப் படிக்கும்போதே பயமா இருந்தது வேற ஒண்ணு. வளையம் இரைப்பைச் சுவரை மெல்ல அரிச்சு உள்ளே போயிடறது. மோதிரம் வருஷக்கணக்கில் விரலை இறுக்கித் தோலுக்குள் புதையுமே, அந்த மாதிரி. பெல்ஜியம் ஆய்வில் கால்வாசிப் பேருக்கு மேல் இது நடந்திருந்தது. எல்லா ஊரிலும் இவ்வளவு இல்லைங்கிறதையும் சொல்லணும்.

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் பேண்ட் போட்ட 25,042 பேரை எடுத்துப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. ஐந்தில் ஒருத்தருக்குக் கொஞ்சம் குறைவானவங்களுக்கு மறு அறுவை சிகிச்சை. அப்படி மாட்டினவங்களுக்கு ஒரு தடவையோட முடியலை, சராசரி நாலு தடவைக்குக் கிட்ட. பேண்டுக்காக அரசு கொடுத்த பணத்தில் ஏறக்குறைய பாதி, போட்டதைச் சரி பண்ணவும் எடுக்கவுமே போயிருக்கு.

ஆனா எல்லா ஊரிலும் இப்படி இல்லை. ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில், பால் ஓ'பிரையன் குழுவினர் ஆயிரக்கணக்கானவங்களுக்கு பேண்ட் போட்டு 15 வருஷம் வரை பின்தொடர்ந்தாங்க. கூடுதல் எடையில் பாதிக்குக் கிட்ட குறைஞ்சது, 15 வருஷம் கழிச்சும் நின்றது. அதே ஊரில் நடந்து 2008-ல் வெளியான இன்னொரு ஆய்வில், சர்க்கரை வந்து அதிகக் காலம் ஆகாத 60 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு பேண்ட், பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. ரெண்டு வருஷத்தில் பேண்ட் போட்டவங்களில் 73 சதவீதம் பேருக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டுக்குள் வந்து மருந்தே தேவைப்படலை. மற்றவங்களில் 13 சதவீதம்தான்.

கருவி ஒண்ணுதான். ஒரு ஊரில் பாதி பேர் கழட்டிட்டாங்க, இன்னொரு ஊரில் 15 வருஷம் நின்றது. என்ன வித்தியாசம்? கருவியை வைக்கிற முறையில் கொஞ்சம் முன்னேற்றம் வந்ததும் ஒரு காரணம். ஆனா பெரிய காரணம், மெல்போர்னில் அதைச் சுற்றி ஒரு முழு ஏற்பாடே இருந்தது. முதல் வருஷம் அடிக்கடி வரச் சொல்லி, பார்த்து, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, சாப்பாடு பத்திப் பேசி, வராதவங்களைக் கூப்பிட்டு. அங்கேயும் நாலில் ஒருத்தருக்கு மேற்பை பெருத்துத் திரும்ப அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அவ்வளவு பார்த்துக்கிட்ட இடத்திலேயே அவ்வளவு.

எங்க மதினி

எங்க அண்ணன் வளைகுடாவில் வேலை பார்த்தான். மதினிக்கு 2011-ல் அங்கேதான் பேண்ட் போட்டாங்க. முதல் ஒண்ணரை வருஷத்தில் 22 கிலோ குறைஞ்சாங்க. அந்த வருஷ லீவில் வந்தப்போ தெருவே வாயைப் பிளந்துச்சு.

அப்புறம் அண்ணன் வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துட்டான். பேண்டும் கூடவே வந்துச்சு, அதைப் பார்த்துக்கிட்ட டாக்டர் வரலை. பெருமாள்புரத்தில் ஒரு கல்யாண வீடு. அவசரத்தில் ரெண்டு வாய் கோழி, சரியா மெல்லாம. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சது. நெஞ்சுக்குழியில் கல்லை வைத்த மாதிரி வலி. "எச்சிகூட முழுங்க முடியலப்பா"ன்னு சொன்னாங்க. தண்ணீர் குடிச்சா அப்படியே திரும்ப வந்துச்சு. முதல்ல போன இடத்தில் கேஸ் பிரச்சனைன்னு ஊசி போட்டாங்க. அடுத்த இடத்தில் ஸ்கேன் எடுத்துட்டு, "உள்ளே ஏதோ வளையம் தெரியுதே, இது என்ன?"ன்னு எங்ககிட்டயே கேட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், அதுவரைக்கும் அவங்க யாரும் ஒரு பேண்டைப் பார்த்ததே இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: போர்ட்டில் ஊசி குத்தி உப்புநீரை எடுத்து வளையத்தைத் தளர்த்தணும். அதுக்குன்னு ஓரத்தில் துளை வைத்த தனி ஊசி இருக்கு. சாதாரண ஊசியால் திரும்பத் திரும்பக் குத்தினா போர்ட்டோட மூடி சேதமாகிக் கசியலாம். விடியற்காலையில் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு சர்ஜன் ஐந்தே நிமிஷத்தில் முடிச்சுட்டார். ஐந்து நிமிஷ வேலைக்கு நூற்றுஅறுபது கிலோமீட்டர்.

அதுக்குப் பிறகு பயத்தில் அதை இறுக்கவே இல்லை. எடை திரும்ப வந்துச்சு. 2017-ல் வளையம் நழுவியிருக்குன்னு தெரிஞ்சு எடுத்தாச்சு. "கழட்டிரலாம்"னு சொல்றாங்களே, உண்மைதான். ஆனா கழட்டுறதும் மயக்க மருந்து, லேப்ராஸ்கோப்பி, பில் எல்லாம் உள்ள இன்னொரு அறுவை சிகிச்சைதான். வளையம் இருந்த இடத்தில் இரைப்பையைச் சுற்றித் தழும்பும் இருக்கும். பின்னால ஸ்லீவோ பைபாஸோ செய்யணும்னா அந்தத் தழும்பு சர்ஜனுக்குத் தலைவலி.

இதில் இன்னொண்ணு இருக்கு, நம்ம ஊருக்குன்னே செய்த மாதிரி. பேண்ட் எதைத் தடுக்கும், எதை விடும்? கடினமான, நார் உள்ள, ஒட்டிக்கிற சாப்பாடு மாட்டிக்கும். பரோட்டா, பிரெட், சரியா மெல்லாத கறி. திரவமும், வாயில் கரையுறதும் சர்ருன்னு இறங்கிடும். இப்போ யோசிங்க, திருநெல்வேலி அல்வாவுக்கு நாம கொடுக்கிற சர்டிஃபிகேட்டே என்ன? "வாயில போட்டா வழுக்கிட்டுப் போகும்." நெய்யும் சீனியும் கோதுமைப் பாலும் வளையத்தைத் தாண்டி எந்தத் தடையும் இல்லாம போகும். ரெண்டு இட்லிக்குத் திணறின மதினி, கால் கிலோ அல்வாவைச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவாங்க. அதை மன உறுதி இல்லாததுன்னு எங்க வீட்டில் எல்லாரும் பேசினோம். அப்படி இல்லை. சாப்பிட்டா வலிக்கும், வாந்தி வரும்னு ஆகும்போது, மனுஷங்க வலிக்காத சாப்பாட்டுக்குத் தானாகவே போயிடுவாங்க. ஐஸ்கிரீம், பாயாசம், ஜூஸ் எல்லாம் அந்த வழிதான். வளையம் ரொம்ப இறுகி இருந்தா இந்தப் பழக்கம் இன்னும் மோசமாகும்.

கல்யாணம் ஆகி வந்த வீட்டில், பந்தியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயையும் பொறுமையாக மென்று, இடையில் தண்ணீர் குடிக்காம, அரை மணி நேரம் சாப்பிட முடியுமான்னும் யோசிக்கணும். "என்னம்மா, கோழி கொறிக்க மாதிரி கொறிக்கே"ன்னு யாராவது கேட்காம இருப்பாங்களா?

நூற்றுக்கு எத்தனை, எதில் நூற்றுக்கு?

ஒரு கணக்கு. விளம்பரத்தில் "60 சதவீத எடைக்குறைப்பு"ன்னு போடுவாங்க. 104 கிலோவில் 60 சதவீதம் போயிடும்னு நினைச்சிடாதீங்க. அது பெரும்பாலும் 'கூடுதல் எடை'யில் சதவீதம். நம்ம நேயருடைய உயரத்துக்கு பிஎம்ஐ 25-ன்னு வைத்தா 62 கிலோ. கூடுதல் எடை 42. அதில் பாதின்னா 21 கிலோ, ஆக 83-ல் நிற்பாங்க. நல்ல முன்னேற்றம்தான். ஆனா விளம்பரத்தில் காட்டுற 'முன், பின்' படம் இல்லை.

மொத்த எடையில் சொன்னா இன்னும் தெளிவு. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கின பெரிய ஆய்வில், பத்து வருஷம் கழிச்சு பைபாஸ் செய்தவங்க முதலில் இருந்த எடையில் 25 சதவீதம் குறைவாக இருந்தாங்க. அந்தக் காலத்து பேண்ட் போட்டவங்க 14 சதவீதம். நம்ம நேயர் கணக்கில் 26 கிலோவுக்கும் 15 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஏன் இந்த வித்தியாசம்? பேண்ட் வாசலில் நிற்கிற காவலாளி மாதிரி. உள்ளே பசியைக் கிளப்புற ஹார்மோன்களை அது பெரிசா மாத்துறதில்லை. ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நிரந்தரமாக வெட்டி எடுக்கிறாங்க. அதோட, பசி ஹார்மோனான கிரெலினை அதிகம் சுரக்கிற பகுதியும் போயிடுது. பைபாஸில் சின்னப் பை ஒன்று செய்து, குடலின் கீழ்ப்பகுதியோட நேராக இணைக்கிறாங்க. அங்கே சர்க்கரையும் பசியும் ரெண்டுமே மாறும். இன்னைக்கு இந்தியாவில் டாக்டர்கள் பெரும்பாலும் சொல்றது இந்த ரெண்டையும்தான். இவையும் இலவசம் இல்லை. ஸ்லீவைத் திருப்பி ஒட்ட முடியாது, சிலருக்கு நெஞ்செரிச்சல் கூடும். ரெண்டுக்குமே வாழ்நாள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரை, ரத்தப் பரிசோதனை. வருஷங்கள் போனா இதிலும் எடை கொஞ்சம் ஏறும்.

ஊசி மருந்துகளையும் விட்டுட முடியாது. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வீகோவியும் இந்தியாவுக்கு வந்தாச்சு. வெளிநாட்டுப் பரிசோதனைகளில் வீகோவியில் சராசரி 15 சதவீதம், மவுன்ஜாரோவின் அதிக அளவு மருந்தில் 20 சதவீதம் எடை குறைஞ்சது. அதாவது பழைய பேண்ட் தந்ததைக் கத்தி இல்லாமலே தருது. நிறுத்தினா பெரும்பாலும் எடை திரும்பும். மவுன்ஜாரோ அறிமுகமான விலையில் ஆரம்ப டோஸே மாசம் 14,000 ரூபாய். இதுக்குத் தனி எபிசோடு வருது.

இப்போ உங்க கேள்விக்கு

உங்க பிஎம்ஐ 41.7. அதோட சர்க்கரையும் இருக்கு. நீங்க அறுவை சிகிச்சை பத்திக் கேட்கிறது அவசரமோ, சோம்பேறித்தனமோ, அழகுக்காகவோ இல்லை. 2022-ல் சர்வதேச அறுவை நிபுணர் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில், நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு பிஎம்ஐ 27.5-லிருந்தே இதை யோசிக்கலாம்னு வரம்பைக் கீழே இறக்கிட்டாங்க. நம்ம உடம்பில் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துடுதுங்கிறதுதான் காரணம். அதனால அம்மாகிட்ட, இது வயித்தைக் கிழிக்கிற ஆசை இல்லை, சர்க்கரைக்கான வைத்தியமும்கூடன்னு சொல்லிப் பாருங்க.

கம்பெனி இன்ஷூரன்ஸ் இருந்தா பாலிசியை எடுத்துப் படிங்க. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, 18 வயசுக்கு மேல், டாக்டர் பரிந்துரையோட, பிஎம்ஐ 40-க்கு மேல் இருந்தா எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையை "உடல்பருமன்"னு சொல்லித் தானாகத் தள்ள முடியாது. 35-க்கு மேல் இருக்கிறவங்களுக்கு, கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதய நோய் மாதிரி கூடுதல் காரணம் இருக்கணும், மற்ற வழிகள் பலிக்காமப் போயிருக்கணும். காத்திருப்புக் காலம் ஒவ்வொரு பாலிசிக்கும் மாறும்.

தை மாசம்? அதை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துடுங்க. பொண்ணு பார்க்க வர்ற தேதிக்குள்ள காட்டுறதுக்குன்னு எந்த அறுவை சிகிச்சையும் செய்யக் கூடாது. எடை குறையறது ஒண்ணு ஒண்ணரை வருஷக் கதை. இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கர்ப்பம் தள்ளிப் போடணும்னு டாக்டர்கள் சொல்றாங்க. பிசிஓடி இருக்கிறவங்களுக்கு எடை குறைஞ்சதும் கரு தரிக்கிற வாய்ப்பு சட்டுன்னு கூடும், அது தெரியாம இருக்கக் கூடாது. கல்யாணம் ஆன மூணாவது மாசமே "விசேஷம் உண்டா?"ன்னு கேட்கிற ஊர் நம்மது. அதனால கல்யாணம் பேசறப்பவே கட்டிக்கப் போறவருக்கு இது தெரிஞ்சிருக்கணும். ஒளிச்சு வைத்துக்கிட்டு இந்தச் சாப்பாட்டு முறையோட ஒரு வீட்டில் வாழ முடியாது.

பேண்ட் வேணுமாங்கிறதுக்கு என் பதில்: நீங்க இருக்கிற ஊரில், நீங்க இருக்கிற வருஷத்தில், வேண்டாம். பாளையிலிருந்து மதுரை மூணு மணி நேரம், சென்னைக்கு வந்தே பாரத்தில் போனாலும் எட்டு மணி நேரத்துக்குக் கிட்ட. முதல் வருஷம் மாசம் ஒரு தடவைகூட இறுக்கித் தளர்த்த வேண்டி வரலாம். பேண்டையே பெரும்பாலான டாக்டர்கள் விட்டுட்ட காலத்தில், இன்னும் பத்து வருஷம் கழிச்சு உங்க போர்ட்டைத் தொட்டுப் பழகின கை எங்கே இருக்கும்? தயாரிப்பாளர்களைப் பாருங்க. லேப் பேண்ட் 2013-ல் அலர்கனிடமிருந்து அப்பல்லோ எண்டோசர்ஜரி என்கிற அமெரிக்க நிறுவனத்துக்குப் போச்சு (நம்ம ஊர் அப்பல்லோ ஆஸ்பத்திரிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை), 2018-ல் ரீஷேப் நிறுவனத்துக்குக் கைமாறிச்சு. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் 'ரியலைஸ்' பேண்ட் சந்தையிலிருந்தே போயிடுச்சு.

ஸ்லீவோ பைபாஸோ யோசிச்சா, அதுக்கும் இதே தூரக் கேள்வி உண்டு. இன்னொண்ணும் சொல்லணும். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போன 26 வயசு இளைஞர் ஒருத்தர் இறந்துபோனார். அரசு விசாரணைக் குழு போட்டது, மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. உங்க அம்மா அந்தச் செய்தியைப் பார்த்திருப்பாங்க. நல்ல ஏற்பாடு உள்ள இடங்களில் இந்த அறுவை சிகிச்சையில் உயிருக்கு ஆபத்து ஆயிரத்தில் ஒண்ணு, மூணு அளவுதான். ஆனா "நல்ல ஏற்பாடு"ங்கிற வார்த்தைக்குள்ள நிறைய இருக்கு.

அதனால டாக்டரைப் பார்க்கப் போறப்போ அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. வருஷத்துக்கு எத்தனை பேருக்கு இந்த அறுவை சிகிச்சை செய்றீங்கன்னு நேரா கேளுங்க. ஐசியு அதே கட்டிடத்தில் இருக்கா, ராத்திரி மயக்க மருந்து டாக்டர் இருப்பாரான்னு கேளுங்க. குறட்டை விடுவீங்கன்னா, தூக்கத்தில் மூச்சு நிற்குதான்னு முன்கூட்டியே சோதிப்பீங்களான்னு கேளுங்க, குண்டான உடம்புக்கு மயக்க மருந்து கொடுக்கிறதில் அது பெரிய விஷயம். டயட்டீஷியனும் மனநல ஆலோசகரும் குழுவில் இருக்காங்களா? அஞ்சாவது வருஷம் நான் யாரைப் பார்க்கணும்? பாளையில் எனக்கு ராத்திரி வாந்தி நிற்கலைன்னா எந்த நம்பருக்குக் கூப்பிடணும்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வராத இடத்தில் அட்வான்ஸ் கட்டாதீங்க, இன்னைக்கே கட்டினா தள்ளுபடின்னு சொன்னாலும்.

முதல் படிக்குச் சென்னை போகணும்னுகூட இல்லை. ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு எடுத்து, சர்க்கரை, தைராய்டு, கல்லீரல் கொழுப்பு எல்லாம் பார்த்துட்டு, அந்த ரிப்போர்ட்டுகளோட அடுத்த இடத்துக்குப் போகலாம். கையில் காகிதம் இருந்தா பேச்சு வேற மாதிரி இருக்கும்.

ஏற்கனவே பேண்ட் போட்டிருக்கிறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, குறிப்பா வெளிநாட்டில் போட்டுட்டு ஊர் திரும்பினவங்க: தொந்தரவு இல்லாம நல்லா இருந்தா இதைக் கேட்டுப் பயந்து ஓடிப் போய்க் கழட்ட வேண்டியதில்லை. எந்த கம்பெனி பேண்ட், எந்த அளவு, கடைசியா எத்தனை மில்லி ஏத்தினாங்க, போர்ட் எந்தப் பக்கம்னு ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைங்க, ஒரு போட்டோ வீட்டில் இருக்கிறவங்க போனிலும் இருக்கட்டும். வலி மாத்திரை வாங்குறப்போ பேண்ட் இருக்குன்னு சொல்லுங்க, இரைப்பையை அரிக்கிற வகை மாத்திரைகள் ஆகாது. கர்ப்பம்னு தெரிஞ்சா முதல்லயே சொல்லுங்க, தளர்த்த வேண்டி வரலாம். திடீர்னு எவ்வளவு வேணும்னாலும் சாப்பிட முடியுது, அல்லது போர்ட் இருக்கிற இடம் சிவந்து வீங்குதுன்னா அந்த வாரமே காட்டுங்க. எச்சில்கூட இறங்கலை, வாந்தி நிற்கலை, மேல்வயிற்றில் விடாத வலின்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. கேஸ்னு சொன்னா ஒத்துக்காதீங்க. சீட்டை எடுத்து நீட்டுங்க.